வீட்டுக்குத் தகவல் அனுப்புவது எப்படி: தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு

புதிதாகத் தலைமையாசிரியர் பொறுப்பேற்கிறவர்கள் எமிஸ் என்கிற பள்ளி விவர இணையதளப் பதிவு பற்றிக் கேட்பார்கள், காலை உணவுப் பதிவேடு பற்றிக் கேட்பார்கள், வட்டாரக் கல்வி அலுவலர் வந்தால் முதலில் எதைப் பார்ப்பார் என்று கேட்பார்கள். பிள்ளைகளின் வீட்டுக்கு எப்படித் தகவல் அனுப்புவது என்று கேட்பவர்கள் குறைவு. அது ஒரு வேலையாகவே தோன்றுவதில்லை, குரூப்பில் நாலு வரி தட்டிவிட்டால் முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அப்புறம் மறுநாள் பாதிப் பிள்ளைகள் ஆதார் நகல் இல்லாமல் வந்து நிற்கும்போது, "இந்த ஊர்ப் பெற்றோருக்கு அக்கறையே கிடையாது" என்று பேச்சு கிளம்பும். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அம்பாசமுத்திரம் வயக்காட்டிலிருந்து ராதாபுரத்துக் காற்றாலைக் காடு வரைக்கும், காதுக் கம்மலை அடகு வைத்தாவது பிள்ளையைப் படிக்க வைக்கிற ஜனம் இது. தகவல் சேர வேண்டிய ஆளுக்குச் சேரவில்லை, இல்லாவிட்டால் சேர்ந்தும் புரியவில்லை. இரண்டையும் நம்மால் சரிசெய்ய முடியும்.

யாருக்கு எழுதுகிறோம்

சேர்க்கைப் படிவத்தில் ஒரு கைபேசி எண் இருக்கும். பெரும்பாலும் அது அப்பாவுடையது. அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார், சென்னையில் மளிகைக் கடையில் இருப்பார், துபாயிலோ சவூதியிலோ இருப்பார். உள்ளூரிலேயே இருந்தாலும் விடிவதற்கு முன் வாழைத் தோட்டத்துக்கோ கட்டட வேலைக்கோ கிளம்பியிருப்பார். நாம் அனுப்பியதை மத்தியானம் சாப்பிடும்போது பார்த்து, ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார். அன்று காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டித் தலைவாரி அனுப்பிய ஆச்சிக்கு அப்படி ஒரு தகவல் வந்ததே தெரியாது.

நம்முடைய வாசகர் அந்த ஆச்சிதான். அல்லது அம்மா, சித்தி, ஏழாம் வகுப்புப் படிக்கிற அக்கா. காலையில் பிள்ளைக்குத் தலைவாரி விடுகிறவர் யாரோ அவருக்குத்தான் எழுத வேண்டும், அவர் கைக்கும் காதுக்கும் எது எட்டுமோ அப்படி எழுத வேண்டும். இதை ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தன்னால் வரும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வகுப்புக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். "காலையில உன்னைக் கிளப்பி விடுறது யாரு?" என்று பிள்ளையிடமே கேட்டால் உடனே சொல்லிவிடும். அவர் யார், அவரிடம் போன் உண்டா, இல்லையென்றால் பக்கத்தில் யார் போன், எந்த நேரம் வீட்டில் இருப்பார், இவ்வளவு போதும். படிக்கத் தெரியுமா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடாதீர்கள். "ஆச்சி, தகவலை எழுதி அனுப்பட்டுமா, பேசி அனுப்பட்டுமா?" என்று கேளுங்கள். பேசி அனுப்புங்க டீச்சர் என்றால் விஷயம் விளங்கிவிட்டது, அவருக்கும் சங்கடம் இல்லை.

எல்லாத் தகவலையும் "அன்புள்ள பெற்றோர்களே" என்று தொடங்குவதை நான் விட்டுவிட்டேன். தாய் தகப்பன் இரண்டு பேரும் இல்லாமல் தாத்தா வீட்டில் வளர்கிற பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்றிரண்டு இருக்கும், அந்தச் சீட்டை எழுத்துக் கூட்டி வாசிப்பதும் அதே பிள்ளைதான். "வீட்டில் உள்ளவர்களுக்கு வணக்கம்" என்று தொடங்கினால் யாரையும் தள்ளி வைக்காது.

ஒரு தகவலில் ஒரு விஷயம்

நம் குரூப்களில் வழக்கமாகப் போகிற தகவல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்:

"சுற்றறிக்கையின்படி 1 முதல் 5 வகுப்பு வரை பயிலும் மாணவ மாணவியரின் ஆதார் மற்றும் வங்கிக் கணக்கு விவரங்களைப் பதிவேற்றம் செய்ய வேண்டியுள்ளதால் பெற்றோர்கள் உரிய ஆவணங்களின் நகல்களை உடனடியாகத் தவறாது சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். மேலும் நாளை குடற்புழு நீக்க மாத்திரை வழங்கப்படும். மேலும் வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடைபெறும். மேலும்..."

இது நமக்கு மேலிருந்து வந்ததை அப்படியே கீழே தள்ளிவிடுவது. சுற்றறிக்கை நமக்கு எழுதப்பட்டது, அதைப் படித்து வீட்டுக்கு எது தேவையோ அதை மட்டும் பிரித்துச் சொல்வதற்குத்தான் தலைமையாசிரியர் என்று ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். மேலே உள்ளதில் முதலில் வருகிற ஆதாரை மட்டும் எடுத்து, ஒரு வகுப்புக்கு என்று எழுதினால் இப்படி வரும்:

"வீட்டில் உள்ளவர்களுக்கு வணக்கம். 3-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் இந்தத் தகவல். பிள்ளையின் ஆதார் கார்டு நகல் ஒன்று வேண்டும். 18-ஆம் தேதி வியாழக்கிழமை காலையில் பிள்ளையிடமே கொடுத்து விடலாம். அசல் கார்டைக் கொடுத்து விட வேண்டாம், தொலைந்துவிடும். நகல் எடுக்க வசதிப்படவில்லை என்றால் சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப் போக வரும்போது கார்டைக் கொண்டு வாருங்கள், இங்கேயே பார்த்து எழுதிக்கொள்கிறோம். இன்னும் ஆதார் எடுக்காத பிள்ளை என்றால் வகுப்பு டீச்சரிடம் சொல்லுங்கள், எங்கே எடுக்கலாம் என்று நாங்கள் சொல்கிறோம்."

இதில் யாருக்கு, என்ன, எப்போது, முடியாவிட்டால் என்ன செய்வது என்று நாலும் இருக்கிறது. கடைசியில் சொன்னதைத்தான் நாம் வழக்கமாக விட்டுவிடுகிறோம். முடியாதவர்களுக்கு ஒரு வழி சொல்லாவிட்டால் அவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள், சிலர் அன்றைக்குப் பிள்ளையையே அனுப்பாமல் நிறுத்திவிடுவார்கள், நகல் எடுக்கப் பக்கத்து ஊருக்கு மினி பஸ் ஏற வேண்டியிருப்பதை நம்மிடம் வந்து சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு. "அசல் கார்டு வேண்டாம்" என்கிற வரியும் அனுபவத்தில் வந்ததுதான். சொல்லாவிட்டால் அசல் கார்டு நாலாக மடிந்து ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் வந்து சேரும்.

"நாளை", "நாளை மறுநாள்" என்று எழுதவே கூடாது. தகவலை எல்லாரும் அன்றைக்கே பார்ப்பதில்லை. புதன்கிழமை அனுப்பியதை வியாழக்கிழமை பார்ப்பவருக்கு நாளை என்பது வெள்ளிக்கிழமை. தேதியும் கிழமையும் சேர்த்துப் போடுங்கள். நேரத்தையும் அப்படியே, "காலை 8.15" என்பதோடு "எட்டே காலுக்குள்" என்று இருந்தால் வாசித்துக் காட்டும் பிள்ளைக்கும் சுலபம், கேட்கிற ஆச்சிக்கும் சுலபம்.

எழுதி முடித்ததும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே திக்குகிறதோ அந்த இடத்தை மாற்றுங்கள். பல வீடுகளில் தகவலை வாசித்துக் காட்டப் போவது அந்த வயதுப் பிள்ளைதான்.

எப்போது, எதில் அனுப்புவது

இரவு ஏழிலிருந்து எட்டரைக்குள். அப்போதுதான் போன் வீட்டுக்குள் வருகிறது. பகலில் அது அப்பாவோடு போய்விடும். ஒன்பதுக்கு மேல் அனுப்பாதீர்கள், அந்த நேரம் டீச்சரிடமிருந்து தகவல் என்றால் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். காலையில் அனுப்புவது மழைக்கும் அவசரத்துக்கும் மட்டும்.

குரூப்பா, தனித்தனியா என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தால் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும். கணவர் வெளியூரில் இருக்க, வீட்டில் தனியாக இருக்கிற பெண்ணுடைய எண் அறுபது எழுபது பேருக்குப் போவது நல்லதல்ல. அதனால் வரும் தொந்தரவை அவர்கள் நம்மிடம் சொல்லக்கூட மாட்டார்கள், சத்தமில்லாமல் குரூப்பை விட்டு வெளியேறிவிடுவார்கள், நாம் அதையும் அக்கறையின்மை என்று எழுதி வைத்துக்கொள்வோம். பிராட்காஸ்ட் லிஸ்ட் என்று ஒரு வசதி இருக்கிறது, அதில் அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும், ஒருவர் எண் அடுத்தவருக்குத் தெரியாது. ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒரு தொடக்கப் பள்ளிக்குத் தாராளம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். அதனால் ஜூன் மாதம் பிள்ளையைக் கூட்டி வரும்போதே, போனை வாங்கிப் பள்ளி எண்ணைச் சேமித்துக் கொடுத்துவிடுங்கள். குரூப்பே போதும் என்று முடிவு செய்தால், எண் தெரிவதற்குச் சம்மதமா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, அட்மின் மட்டும் அனுப்பும்படி அமைத்துவிடுங்கள். காலை வணக்கப் படமும் கட்சிக்காரர் போஸ்டரும் வந்து குவிந்தால் நம் தகவல் அடியில் போய்விடும்.

ஒவ்வொரு எழுத்துத் தகவலோடும் ஒரு குரல் பதிவு சேர்ந்து போகட்டும். முப்பது, நாற்பது விநாடி போதும். ஆசிரியர் கூட்டத்தில் பேசுகிற தமிழ் வேண்டாம், கோயில் வாசலில் ஆச்சியைப் பார்த்தால் எப்படிப் பேசுவீர்களோ அப்படி. "பெரிய டீச்சர் பேசுதேன். வியாழக்கிழமை பிள்ளையோட ஆதார் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு குடுத்து விடுங்க. ஒரிஜினல் வேண்டாம்..." என்று முதல் வரியிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டு, முடிக்கும்போது கிழமையை இன்னொரு தடவை சொல்லுங்கள். குரல் பதிவை மட்டும் அனுப்பி நிறுத்தவும் கூடாது, அப்புறம் தேடினால் எந்தப் பதிவில் எது இருக்கிறது என்று தெரியாது.

போனே இல்லாத வீடுகளும் இருக்கின்றன. அங்கே பழைய முறைதான்: சீட்டு எழுதி டைரியில் ஒட்டுவது, வாசல் கேட்டில் கரும்பலகை. இன்னொரு வழியை நிறையப் பேர் கவனிப்பதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கியதிலிருந்து, 1 முதல் 5 வகுப்புப் பிள்ளைகளுக்கு உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சமைப்பது பெரும்பாலும் அந்தந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். காலையில் அவர்களிடம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் மத்தியானத்துக்குள் நாலு தெருவுக்கும் போய்விடும். தெளிவாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அரைகுறையாகச் சொன்னால் அரைகுறையாகத்தான் பரவும்.

மழையும் விடுமுறையும்

ஐப்பசி கார்த்திகையில் ராத்திரி நல்ல மழை பெய்தால் காலை ஆறு மணிக்கே "டீச்சர், ஸ்கூல் உண்டா?" என்று போன் வர ஆரம்பித்துவிடும். விடுமுறையை அறிவிப்பது மாவட்ட ஆட்சியர். அறிவிப்பு வந்த பிறகுதான் நாம் எழுத வேண்டும், யாரோ அனுப்பிய படத்தைத் திருப்பிவிடக் கூடாது, அதில் போன வருடத்து அறிவிப்பு சுற்றிக்கொண்டிருக்கும். மாவட்டப் பெயரை மறக்காமல் போடுங்கள். தென்காசி 2019-இல் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது, முக்கூடலிலிருந்து ஆலங்குளம் எட்டும் தூரம்தான் என்றாலும் ஒன்று நெல்லை, மற்றது தென்காசி. டிவியில் ஓடுகிற வரியில் "தென்காசி" என்று பார்த்துவிட்டு இங்கே பிள்ளையை நிறுத்திவிடுவார்கள், அங்கே உள்ளவர்கள் "நெல்லை" என்று பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார்கள்.

"நெல்லை மாவட்டத்தில் இன்று, 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, பள்ளிகளுக்கு விடுமுறை என்று ஆட்சியர் அறிவித்திருக்கிறார். நம் பள்ளிக்கும் விடுமுறை. தெரியாமல் கிளம்பி வந்த பிள்ளைகள் பள்ளியில் டீச்சரோடு பத்திரமாக இருக்கிறார்கள், ஆள் வந்து கூட்டிப் போங்கள். தனியாக அனுப்ப மாட்டோம்." இவ்வளவு போதும். கடைசி இரண்டு வரியும் இருந்தே ஆக வேண்டும்.

விடுமுறை அறிவிக்காத நாளிலும் சில தெருக்களுக்கு ஓடையைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கும். அந்த வீடுகளுக்கு அக்டோபர் தொடங்கும்போதே சொல்லி வையுங்கள்: பாலத்துக்கு மேல் தண்ணீர் போனால் பிள்ளையை அனுப்ப வேண்டாம், எங்களிடம் அனுமதி கேட்கவும் வேண்டாம், அப்புறம் சொன்னால் போதும்.

2023 டிசம்பர் 17, 18-ஐ இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது, தாமிரபரணி கரையை மீறி வந்தது, எத்தனையோ ஊர்களில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அப்படி ஒரு நாளில் வாட்ஸ்அப்பை நம்பி இருக்க முடியாது, கரண்ட் இல்லாதபோது கோயில் மைக்கும் பள்ளிவாசல் மைக்கும் பேசாது. அதனால் போன் எடுக்காத நாளில் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று இரண்டு இடத்தை முன்னாலேயே முடிவு செய்து எல்லா வீட்டுக்கும் தெரிவித்துவிடுங்கள். பஸ் ஸ்டாப் டீக்கடைப் பலகை ஒன்று, ரேஷன் கடைச் சுவர் ஒன்று. தெருவுக்கு ஒரு பெரியவர் பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனித் தேரோட்டத்துக்கு விடும் உள்ளூர் விடுமுறை எல்லாருக்கும் தெரியும், அதற்கு ஈடாக வைக்கிற சனிக்கிழமை வேலை நாள்தான் யாருக்கும் நினைவிருக்காது. விடுமுறையைச் சொல்லும்போதே அந்தச் சனிக்கிழமைத் தேதியையும் சொல்லி, முந்தின நாள் இன்னொரு தடவை நினைவூட்டுங்கள். ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போய் நாலைந்து நாள் தங்குகிற வீடுகள் உண்டு, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குப் போகாத வீடே குறைவு, ஊர்க் கோவில் கொடை விழா என்றால் சொல்லவே வேண்டாம். இதையெல்லாம் "விடுப்பு எடுக்கக் கூடாது" என்று தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம் என்பது என் கருத்து. "போகிற தேதியையும் வருகிற தேதியையும் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போங்கள்" என்று கேளுங்கள். சொல்லிவிட்டுப் போனவர்கள் சொன்ன தேதிக்குத் திரும்பி வருவார்கள்.

நோய் பற்றி எழுதும்போது

இங்கே ஒரு சொல் தவறினாலும் ஒரு குடும்பம் தலைகுனிந்துவிடும், அதனால் அவசரப்படாமல் எழுத வேண்டும்.

அம்மை போட்ட வீட்டில் அதை வெளியே சொல்ல மாட்டார்கள், வேப்பிலை சொருகியிருப்பதைப் பார்த்து நாமாகத் தெரிந்துகொள்வோம். அந்த நம்பிக்கையோடு நாம் வாதாட வேண்டியதில்லை. "பள்ளியில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது. உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சலும் கொப்புளமும் தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டுகிற வரை வீட்டில் இருக்கட்டும். வராத நாளைப் பற்றி யாரும் கேட்க மாட்டோம். வீட்டில் மாசமாக இருப்பவர்கள் இருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்." வகுப்பைக்கூடப் போட வேண்டாம், சின்னப் பள்ளியில் வகுப்பைச் சொன்னால் பிள்ளையைச் சொன்ன மாதிரிதான்.

பேன் பற்றிய சீட்டு போவதானால் வகுப்பில் உள்ள அத்தனை பேருக்கும், ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்து, ஒரே நாளில் போக வேண்டும். ஒரு பிள்ளை கையில் மட்டும் கொடுத்துவிட்டால் அடுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். வாரம் ஒரு நாள் பேன் சீப்பால் வாரி, வீட்டில் உள்ள எல்லார் தலையையும் ஒரே நேரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். முடியை வெட்டச் சொல்லாதீர்கள்.

குடற்புழு நீக்க மாத்திரை வருடத்துக்கு இரண்டு தடவை கொடுக்கிறோம். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மென்று தின்கிற மாத்திரை. முந்தின நாள் போகிற தகவலில் இரண்டு விஷயம் கட்டாயம் வேண்டும். ஒன்று, காய்ச்சலில் இருக்கிற பிள்ளை, வேறு மாத்திரை சாப்பிடுகிற பிள்ளை என்றால் சொல்லுங்கள், விடுபட்டவர்களுக்கு இன்னொரு நாள் கொடுப்போம் என்பது. மற்றது, வயிற்றில் பூச்சி அதிகம் இருக்கிற பிள்ளைக்கு லேசாக வயிறு வலிக்கலாம், குமட்டலாம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்பது. இதைச் சொல்லாமல் கொடுத்த பள்ளிகளில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததும் ஊரே கேட் முன்னால் வந்து நிற்கும். முன்னாலேயே சொல்லியிருந்தால் போன் பண்ணி மட்டும் கேட்பார்கள்.

பிள்ளை என்ன படிக்கிறது என்று சொல்கிறோமா

ஒரு வருடத்தில் வீட்டுக்கு அனுப்பிய எல்லாத் தகவலையும் வரிசையாக எடுத்துப் பாருங்கள். கொண்டு வாருங்கள், கொடுங்கள், கையெழுத்துப் போடுங்கள், கூட்டத்துக்கு வாருங்கள். உங்கள் பிள்ளை இன்னதைக் கற்றுக்கொண்டது என்று சொன்னது எத்தனை இருக்கும்? நம்மிடமிருந்து தகவல் வந்தாலே ஏதோ கேட்கிறார்கள் என்று ஆகிவிட்டது. இதை மாற்றாமல் மற்றதை எவ்வளவு அழகாக எழுதினாலும் பிரயோஜனம் இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

2022-இல் எண்ணும் எழுத்தும் வந்ததிலிருந்து சின்ன வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிவதற்காக வந்த பெயர்கள் அவை. அந்தப் பெயரை மட்டும் வீட்டுக்கு அனுப்பினால் அது ரேங்க் ஆகிவிடும். "அடுத்த வீட்டுப் பையன் மலராம், நீ மட்டும் ஏம்ட்டி இன்னும் அரும்புலயே கெடக்க?" என்று அன்றைக்கு ராத்திரி அடி விழும். பெயரை விட்டுவிட்டு, பிள்ளையால் எது முடிகிறது, எங்கே நிற்கிறது, வீட்டில் என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்:

"உங்கள் மகள் இப்போது படம், மரம், பழம் போன்ற சொற்களைத் தானாகவே வாசிக்கிறாள். பட்டம், தக்காளி என்று புள்ளி வைத்த எழுத்து நடுவில் வந்தால் நின்றுவிடுகிறாள். தீப்பெட்டி, பஸ் போர்டு, மாவு பாக்கெட் என்று எது கண்ணில் பட்டாலும் அதில் புள்ளி வைத்த எழுத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தினமும் ஐந்து நிமிஷம் போதும். தப்பாகச் சொன்னால் திட்ட வேண்டாம், நாங்கள் சொல்லிக்கொடுத்துக்கொள்கிறோம்."

வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் இல்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பிள்ளையை ஒரு கதை சொல்லச் சொல்லிக் கேட்கலாம், பல்லாங்குழி ஆடினால் எண்ணும் கூட்டலும் தானாக வரும், கடைக்கு அனுப்பிவிட்டு மீதிச் சில்லறையைக் கணக்குச் சொல்லச் சொல்லலாம். பீடி சுற்றுகிற வீடுகளில் பீடிக் கட்டுகளை எண்ணச் சொல்லலாமே என்று சில ஆசிரியர்கள் நல்லெண்ணத்தோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். புகையிலைத் தூள் பிள்ளைகள் கையில் படவே கூடாது, அந்தத் தட்டுப் பக்கம் போவதற்கு நாமே ஒரு காரணத்தை உண்டாக்கிக் கொடுக்கக் கூடாது.

இருபது பேர் உள்ள வகுப்பில் ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளை என்று எழுதினால் பத்து வேலை நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஒவ்வொன்றும் நாலு வரி. இதைக் குரூப்பில் போடக் கூடாது, அந்த வீட்டுக்கு மட்டும். அரையாண்டு மதிப்பெண்ணும் அப்படித்தான், முழு வகுப்புப் பட்டியலையும் போட்டோ எடுத்துப் போடுகிற வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

கூட்டம், பணம், போட்டோ

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. காலை பதினோரு மணிக்குக் கூட்டம் என்று தகவல் அனுப்பினால் அந்தப் பெண்கள் எப்படி வருவார்கள்? நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் நடுவில் எழுந்து வர முடியாது, பீடிக்காரர்களுக்குச் சுற்றியதைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கிற நேரம் என்று ஒன்று இருக்கிறது, உவரி, இடிந்தகரைப் பக்கம் வள்ளம் கரைக்கு வருகிற நேரம் வேறு. ஊருக்கு எது தோது என்று நாலு பேரிடம் கேட்டுவிட்டு நேரத்தைப் போடுங்கள். பல ஊர்களுக்குப் பள்ளி விடுகிற நேரமே பொருத்தமாக இருக்கும். கூட்டம் முடிந்த மறுநாள், வராதவர்களுக்கும் சேர்த்து, என்ன முடிவானது என்று மூன்று வரி போக வேண்டும்: கழிப்பறைக் கதவு மாற்றுவது, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள்.

பணம் சம்பந்தப்பட்ட எதையும், உதவித்தொகை வரவில்லை, வங்கிக் கணக்கு முடங்கியிருக்கிறது, சாதிச் சான்றிதழ் இல்லை என்பதையெல்லாம், பெயர் போட்டுக் குரூப்பில் எழுதக் கூடாது. தனியாகப் போன் பண்ணிச் சொல்லுங்கள்.

போட்டோவுக்கும் சேர்க்கையின்போதே சம்மதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தை என்று வைத்து, அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும், தாய் தகப்பன் பிரிந்து வாழ்கிற வீடுகள் இருக்கின்றன, பிள்ளை எந்த ஊரில் எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று ஒரு தரப்புக்குத் தெரியக் கூடாத நிலைமை கூட வரும். விளையாட்டு விழாப் படம் என்றால் தூரத்திலிருந்து எடுத்த கூட்டப் படமாகப் போடுங்கள், பெயரையும் முகத்தையும் சேர்த்துப் போட வேண்டாம்.

பிள்ளை விழுந்துவிட்டால்

மண்டையில் அடி, கையில் முறிவு, யாரோ கடித்துவிட்டார்கள், எதுவானாலும் பிள்ளை வீடு போய்ச் சேர்வதற்கு முன் நம் குரல் போய்ச் சேர வேண்டும். இதற்குத் தகவல் அனுப்பக் கூடாது, போன்தான். முதல் வாக்கியத்தில் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், "ஒரு சின்ன விஷயம், பதறாதீங்க" என்று தொடங்கினால் பதறத்தான் செய்வார்கள். "பிள்ளை நல்லா இருக்கான், என் பக்கத்துலதான் உக்காந்திருக்கான். பதினோரு மணிக்கு விளையாடும்போது விழுந்துட்டான், முழங்கால்ல காயம், கழுவி மருந்து போட்டாச்சு. நீங்க வர்றீங்களா, இல்ல நாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?" இந்த வரிசையில் சொல்லிப் பாருங்கள். பள்ளி மேல் தவறு இருந்தால், மைதானத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது என்றால், அதையும் அப்போதே சொல்லுங்கள். சாயங்காலம் பிள்ளை வாயிலிருந்து தெரிந்துகொண்டால் அப்புறம் நீங்கள் எழுதுகிற எதையும் நம்ப மாட்டார்கள்.

ஒரு பிள்ளையின் உடம்பில் அடித்த தழும்பு தெரிந்தாலோ, வேறு ஏதாவது சந்தேகம் வந்தாலோ குரூப்பும் வேண்டாம், வீட்டுக்குப் போனும் வேண்டாம். அடிப்பவர் வீட்டிலேயே இருக்கலாம். 1098-க்குச் சொல்லுங்கள். இந்த எண்ணையும் கல்வி உதவி எண் 14417-ஐயும் பெரிய எழுத்தில் வாசல் சுவரில் எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொரு தகவலிலும் போட வேண்டியதில்லை.

பதில் வரும்போது

திட்டி ஒரு குரல் பதிவு வந்தால் அங்கேயே பதில் எழுதாதீர்கள். "கேட்டேன். சாயங்காலம் நாலரைக்கு வாருங்கள், நேரில் பேசுவோம்" என்று போதும். நேரில் வந்தால் பாதிக் கோபம் படியேறும்போதே இறங்கிவிடும். நல்ல கேள்வி ஒன்று வந்தால், இரண்டு பேர் கேட்டால் இருபது பேருக்கு அதே சந்தேகம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் பதிலை அனுப்புங்கள், கேட்டவர் பெயரைப் போடாமல்.

அனுப்பிய தகவல் ஒவ்வொன்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதியோ ஒட்டியோ வையுங்கள். அடுத்த வருடம் மாத்திரைத் தகவலையும் மழைத் தகவலையும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்காது, தேதியை மாற்றினால் போதும். மாறுதல் வந்து வேறு பள்ளிக்குப் போகும்போது அந்த நோட்டையும், வகுப்புவாரியாக எழுதிய வீட்டு விவர நோட்டையும் அடுத்து வருகிறவர் கையில் கொடுத்து, குரூப் இருந்தால் அட்மினை அவருக்கு மாற்றிவிட்டு, உங்கள் போனில் இருக்கிற பிள்ளைகளின் படங்களையும் ஆதார் எண்களையும் அழித்துவிட்டுக் கிளம்புங்கள்.